டயட் சார்ட் கடைசியில்தான்: புதிய உணவியல் ஆலோசகர்களுக்கு

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த டயட் சார்ட், மூன்று வாரம் கழித்து என் மேஜைக்கே திரும்பி வந்தது. நான்காக மடித்த தாள்; மடிப்புகூடக் கலையவில்லை. உள்ளே 1,500 கலோரி, ஆறு வேளை, புரதம், நார்ச்சத்து எல்லாம் கிராம் கணக்கில். கூட்டிப் பார்த்தால் ஒரு பிழை கிடையாது. "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். ஆனா காலையில ஏழு மணிக்கு நான் பஸ்ல இருப்பேன்" என்றார். ஏழு மணிக்கு நான் போட்டிருந்தது அடுப்பில் வைத்துக் கிளற வேண்டிய கஞ்சி. அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்று நான் கேட்கவே இல்லை.

படிப்பை முடித்து, முதன்முதலாக ஆட்களை எதிரே உட்கார வைத்துப் பேசப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்துகளின் பட்டியல் உங்களுக்குத் தெரியும். அதை ஒரு குறிப்பிட்ட ஆளின் தட்டுக்குக் கொண்டுபோவதில்தான் முதல் ஆறு மாதம் தடுமாறுவோம். என் அனுபவத்தில் கேட்பதும் அளப்பதும் முக்கால் வேலை, சார்ட் எழுதுவது கால் வேலை. அந்தக் கால் பங்கும் அவர் இப்போது சாப்பிடுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆளுக்கேற்ற உணவு என்று எதைச் சொல்கிறோம்

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் வருகிறவர்களில் சிலர் மரபணுச் சோதனை ரிப்போர்ட்டோடு வருவார்கள்.

ஆளுக்கேற்ற உணவு உயிரைக் காப்பாற்றும் நோய்கள் உண்டு. பினைல்கீட்டோன்யூரியா அப்படிப்பட்டது. நார்வேயைச் சேர்ந்த அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934இல் அதைக் கண்டறிந்தார். புரதத்தில் உள்ள பினைலலனின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தை உடைக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் நோய் அது. பிறந்த உடனே கண்டுபிடித்து அந்த அமிலத்தைக் குறைத்துக் கொடுத்தால் மூளை பிழைக்கும், விட்டால் பாதிக்கும். இங்கே மரபணு தீர்ப்பே எழுதிவிடுகிறது.

சாதாரண உடல் எடை, சர்க்கரை, கொழுப்பு விஷயத்தில் கதை வேறு. 2018இல் வெளியான டயட்ஃபிட்ஸ் ஆய்வில் 609 பேரைக் குறைந்த கொழுப்பு, குறைந்த மாவுச்சத்து என்று இரண்டு குழுவாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். சராசரி எடை இழப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 5 முதல் 6 கிலோ. யாருக்கு எது ஒத்துவரும் என்பதை அவர்கள் சோதித்த மரபணு வகையும் சொல்லவில்லை, இன்சுலின் சுரப்பும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் 30 கிலோ வரை குறைந்தவரும் இருந்தார், 10 கிலோ ஏறியவரும் இருந்தார். ஏழு ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஃபுட்4மீ ஆய்வு இன்னொன்று காட்டியது. பொதுவான அறிவுரையைவிட, அவரவர் உணவைப் பார்த்துச் சொன்ன அறிவுரை நன்றாக வேலை செய்தது. அதன்மேல் ரத்தப் பரிசோதனை விவரத்தையும் மரபணு விவரத்தையும் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை.

2020இல் வந்த ப்ரெடிக்ட் ஆய்வு ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரே மாதிரி உணவு கொடுத்து அளந்தது. ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் ஆளுக்கு ஆள் பெரிதாக வேறுபட்டன. ஒரே மரபணு கொண்ட இரட்டையரிடையேகூட. அதனால் மரபணு ரிப்போர்ட்டை நான் தூக்கி எறியச் சொல்வதில்லை. வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்கிறேன்.

முதல் வேலை: இவரை நான் பார்க்கலாமா

பேச ஆரம்பித்து ஐந்து நிமிடத்துக்குள் இது தெரிந்தாக வேண்டும். நீங்கள் சார்ட் எழுதவே கூடாத, அல்லது மருத்துவரோடு சேர்ந்து மட்டுமே எழுத வேண்டிய ஆட்கள் உண்டு.

முயற்சி எதுவும் இல்லாமல் மூன்று முதல் ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், "நல்லதுதானே" என்று அவரே சொன்னாலும் காரணம் தெரியும்வரை மருத்துவரிடம் அனுப்புங்கள். விழுங்கும்போது இருமல், மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, சாப்பாட்டைப் பற்றிய தீராத பயமோ குற்ற உணர்ச்சியோ இருந்தாலும் அப்படியே. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவருக்கு நீங்கள் பாட்டுக்கு மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கி மயங்கிவிடலாம். அங்கே முதலில் மருந்தின் அளவைப் பற்றிப் பேச வேண்டும், அது மருத்துவர் வேலை.

புதியவர்களுக்குப் புத்தகத்தில் மட்டுமே தெரிந்த ஒன்று, ரீஃபீடிங் சிண்ட்ரோம். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர், பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 16க்குக் கீழே உள்ளவர், சில மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் மெலிந்தவர், இவர்களுக்குப் பரிதாபப்பட்டு வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் திடீரெனச் சரியும். இதயம் நிற்கும் அளவுக்குப் போகலாம். தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, மெல்ல ஏற்ற வேண்டிய உணவு அது. மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும்.

அளப்பது

எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு. மூன்றையும் நீங்களே எடுங்கள். அவர் சொல்லும் உயரம் பெரும்பாலும் இருபது வருடத்துக்கு முந்தையது.

பிஎம்ஐ கணக்கு பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லெ 19ஆம் நூற்றாண்டில் போட்டது. அவர் மருத்துவர் இல்லை, புள்ளியியலாளர். கூட்டத்தின் சராசரியைத் தேடியவர். தனி ஆளுக்கு அது தோராயம் மட்டுமே. தசை அதிகமானவரைக் குண்டு என்று சொல்லும், தசை கரைந்து கொழுப்பு ஏறிய முதியவரைச் சரியான எடை என்று சொல்லும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது எல்லை 25. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனிக்கச் சொல்லி 2004இல் அதன் நிபுணர் குழு எழுதியது. இடுப்பை அளக்கும்போது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வையுங்கள், மூச்சை இயல்பாக விட்டபிறகு. அந்த அளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு கவனிக்க வேண்டிய அளவில் இருக்கிறது.

ரிப்போர்ட்டும் மாத்திரைப் பையும்

"மாத்திரை ஏதாவது?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "பையில இருக்கிற எல்லாத்தையும் மேஜையில வைங்க" என்று சொல்லிப் பாருங்கள், ஏழு அட்டை வரும். அதில் இரண்டு பக்கத்து வீட்டார் சொன்ன சத்து மாத்திரை.

உணவோடு நேரடியாக மோதும் மருந்துகள் சிலவற்றையாவது மனப்பாடமாக வைத்திருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 குறையலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரிடம் கீரையை நிறுத்தச் சொல்வது பழைய பழக்கம். அவர் கீரை சாப்பிடலாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும். அந்த அளவுக்கு மருத்துவர் மருந்தைப் பொருத்திக்கொள்வார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உப்பைக் குறைக்கச் சொன்னால் சிலர் 'குறைந்த சோடியம்' உப்புக்கு மாறுவார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானவருக்கும், சில ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும் அது ஆபத்து.

ரத்த ரிப்போர்ட்டில் ஒவ்வோர் எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். ஃபெரிட்டின் உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் என்று படித்திருப்போம். ஆனால் உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அது தானாக ஏறும்; இரும்பு இல்லாதவருக்கும் ரிப்போர்ட் நன்றாக இருப்பதுபோல் வரும். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நேற்று என்ன சாப்பிட்டார்

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நான் நிதானமாகச் செய்யும் பகுதியும் இதுதான்.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த பலரைக் கலந்து உருவாக்கியவர். வயது 52, எடை 68 கிலோ, உயரம் 155 செ.மீ. பிஎம்ஐ 28. நான்கு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மட்டும். ஹெச்பிஏ1சி 7.4, ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் 9. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. "எப்பவும் அசதியா இருக்கும்மா" என்பது அவர் சொல்லும் முதல் வார்த்தை.

24 மணி நேர நினைவுகூரலை ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. அமெரிக்க வேளாண் துறை ஐந்து சுற்றாகக் கேட்கும் ஒரு முறையை வகுத்திருக்கிறது. முதலில் குறுக்கிடாமல் ஒரு விரைவுப் பட்டியல், அப்புறம் மறந்துபோகிற பொருள்கள், அப்புறம் நேரமும் சந்தர்ப்பமும், அப்புறம் அளவும் செய்முறையும், கடைசியில் முழுவதையும் ஒருமுறை திரும்பச் சொல்லிக் காட்டுவது. மேஜையில் ஒரு சமையல் தராசு, அவர் வீட்டில் இருப்பதுபோல் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உலர்ந்த பருப்பு வைத்திருங்கள்.

"நேத்து எழுந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டீங்க அம்மா?"

"ஒண்ணுமில்லை. டீதான்."

அந்த "ஒண்ணுமில்லை"யைக் கவனியுங்கள். முதல் சுற்றில் டீ மூன்று வந்தது. இரண்டாம் சுற்றில், "வேலை செய்யிற இடத்துல யாராவது கொண்டுவந்து கொடுப்பாங்களா?" என்று கேட்டபோது இன்னும் இரண்டு. மூன்றாம் சுற்றில் வீடு திரும்பிய நேரத்தைக் கேட்டபோது ஆறாவது. சர்க்கரை எவ்வளவு என்றால் "ஒரு ஸ்பூன்தான், சர்க்கரை இருக்குல்ல, அதனால கம்மிதான்." ஸ்பூனைக் கையில் கொடுத்து, எப்போதும் போடுவதுபோல் போடச் சொன்னேன். குவித்து எடுத்தார். தராசில் 8 கிராம். ஆறு டீக்கு 48 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. இவருக்கு அது 43 கிராம் வரும். "ஒண்ணுமில்லை"யே எல்லையைத் தாண்டிவிட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. செலவாகும் ஆற்றலை அளக்கும் 'இரட்டைக் குறியிட்ட நீர்' முறை வந்தபிறகு, மனிதர்கள் தாங்கள் சாப்பிடுவதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். டயட்டீஷியன்களும் விலக்கில்லை. அதனால் முகத்தில் எதையும் காட்டாதீர்கள். "ஆறா!" என்று ஒருமுறை வியந்தீர்கள் என்றால் அடுத்த பதிலிலிருந்து உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும்.

மற்றவை இப்படி வந்தன. மதிய உணவு பன்னிரண்டரைக்கு, சாப்பிட்ட கையோடு டீ. அதன்பிறகு இரவு பத்து வரை டீயைத் தவிர எதுவும் இல்லை. பத்து மணிக்குப் பசியோடு உட்காரும்போது தட்டில் 350 கிராம் சோறு. மாவுச்சத்து மட்டும் 100 கிராமுக்குச் சற்றுக் குறைவு. காய் ஒரு கரண்டி. எல்லாரும் சாப்பிட்டபின் சாப்பிடுவதால் பருப்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். நாள் முழுக்கப் புரதம் 42 கிராம். ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் கேட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே ஆள் சாப்பிட்டதுபோல் இருக்காது.

சிக்கலை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்

அமெரிக்க உணவியல் சங்கம் 2003இல் இந்தத் தொழிலுக்கு ஒரு நான்கு படி முறையை வகுத்தது: மதிப்பீடு, உணவுச் சிக்கலைப் பெயரிடுதல், செயல், கண்காணிப்பு. எல்லாரும் இரண்டாவதைத் தாண்டிக் குதிப்பார்கள். "சர்க்கரை நோய்" மருத்துவர் எழுதும் பெயர். உங்களுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உணவில் என்ன சிக்கல், எதனால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற மூன்றும் ஒரு வாக்கியத்தில் வர வேண்டும்.

இந்த அம்மாவுக்கு நான் எழுதுவது: "மதியத்துக்குப் பின் ஒன்பது மணி நேரம் உணவில்லாததால் இரவில் மாவுச்சத்து குவிகிறது, இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 230க்குப் பக்கம்." இன்னொன்று: "உணவோடு சேர்த்து டீ குடிப்பதால் தாவர உணவிலிருந்து இரும்பு சரியாக உறிஞ்சப்படவில்லை, ஃபெரிட்டின் 9." காரணம் எழுதிய இடத்திலேயே மருந்தும் தெரிகிறது, பார்த்தீர்களா? மாலையில் ஏதாவது சாப்பிட வேண்டும், டீ நகர வேண்டும்.

ஒரு விஷயம். ஹீமோகுளோபின் 10.8ஐ உணவால் மட்டும் ஏற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். 52 வயதில் இரும்பு இவ்வளவு குறைந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று மருத்துவர் தேட வேண்டும், இரும்பு மாத்திரையும் அவர்தான் தருவார்.

கணக்கு

இது சீக்கிரம் முடியும் வேலை. ஓய்வில் செலவாகும் ஆற்றலுக்கு 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரம் போதும்: எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண்ணுக்கு 161 கழிக்க, ஆணுக்கு 5 கூட்ட. இவருக்கு 680 + 969 − 260 − 161, அதாவது 1,228. நாள் முழுக்க அதிகம் நடக்காதவர் என்பதால் 1.4ஆல் பெருக்கினால் சுமார் 1,720.

அந்த 1,720ஐக் கல்வெட்டாக நினைக்காதீர்கள். பலருக்கு 10 சதவீதம் வரை இப்படியும் அப்படியும் இருக்கும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஆரோக்கியமான பெரியவருக்கான பாதுகாப்பான அளவு. இவருக்கு 56 கிராம், சாப்பிடுவது 42. வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 வரை போகலாம். டயாலிசிஸுக்கு வராத சிறுநீரக நோயாளிக்குக் குறைக்க வேண்டும், டயாலிசிஸ் தொடங்கியதும் ஏற்ற வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் இரண்டு எதிரெதிர் அறிவுரை சொல்ல நேரும், ஏன் என்று விளக்கிச் சொல்லுங்கள்.

மூன்று மாற்றம், அதற்கு மேல் வேண்டாம்

இப்போதுதான் பேனாவை எடுக்கிறோம். எனக்குக் கை அரிக்கும் இடம் இது. பதினைந்து குறை கண்ணில் பட்டிருக்கும், பதினைந்தையும் எழுதிவிடத் தோன்றும். மூன்றை மட்டும் எழுதுங்கள்.

இந்த அம்மாவிடம் முதலில் கேட்டது, "இதுல எதை மாத்தறது உங்களுக்குச் சுலபம்னு தோணுது?" அவர் டீயில் சர்க்கரை என்று சொல்வார் என நினைத்தேன். "சாயங்காலம் சாப்பிடறது" என்றார். வேலை செய்யும் இடத்தில் சிறிய டப்பா வைத்துக்கொள்ள முடியுமாம். சரி, அங்கிருந்தே தொடங்கினோம். மாலை ஐந்தரைக்கு வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம். சுமார் 160 கலோரி, 9 கிராம் புரதம்.

இரண்டாவது, டீ. எண்ணிக்கையைத் தொடவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும், இரும்பு மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி. சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார் என்று தெரிந்ததால், வாரத்துக்கு ஒரு படியாகக் குறைத்து ஒரு டீக்கு 2 கிராம் வரை இறக்குவது. மூன்றாவது, இரவுத் தட்டு. காயையும் பருப்பையும் தமக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுவது, அதை முதலில் சாப்பிடுவது, அதன்பிறகு 200 கிராம் சோறு. காயும் புரதமும் முதலில் போய் மாவுச்சத்து பின்னால் போனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று சிறிய ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. காசு செலவில்லாத மாற்றம், அதனால் எனக்குப் பிடிக்கும்.

கூட்டிக் கழித்தால் சர்க்கரையில் 144 கலோரியும் சோற்றில் 195 கலோரியும் குறைந்து, மாலையில் 160 கூடுகிறது. நிகரமாக நாளுக்குச் சுமார் 180 குறைவு. "இவ்வளவுதானா?" என்று உங்கள் சீனியர் கேட்கலாம். நாளுக்கு 500 குறைத்து எழுதிய என் பழைய சார்ட்டுகளைவிட இது அதிக நாள் ஓடுகிறது. புரதம் இன்னும் 56ஐத் தொடவில்லை, எனக்குத் தெரியும். அது அடுத்த முறைக்கு.

எழுதிக் கொடுக்கும்போது அவர் சமையலறையின் அளவில் எழுதுங்கள். "200 கிராம்" என்று எழுதாமல், அவர் காட்டிய கிண்ணத்தில் எந்தக் கோடு வரை என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். "நாளைக்கு சாயங்காலம் என்ன செய்வீங்க, சொல்லுங்க" என்றால் புரியாதது வெளியே வரும். வீட்டில் சமைப்பவர் வேறு ஆள் என்றால் அவரும் அறையில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நீங்கள் பேசியது பாதி ஆளோடுதான்.

நார்ச்சத்து ஏற்றும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரும் சேர்த்து. ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் வயிறு ஊதி, "பருப்பு எனக்கு ஒத்துக்காது" என்று ஆயுளுக்கும் ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிய பட்டியலோடு வருபவர்களும் இருப்பார்கள், பால், கோதுமை, கத்திரிக்காய் என்று நீளமாக. உண்மையான ஒவ்வாமை இருந்தால் தொடாதீர்கள். வெறும் வயிற்று உபாதை என்றால் நீக்குவது பாதி வேலைதான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் குடல் எரிச்சல் நோய்க்கு வகுத்த உணவு முறையில்கூட நீக்கும் காலம் 2 முதல் 6 வாரம்தான்; அதன்பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது, எவ்வளவு ஒத்துவருகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் பாதியைச் சொல்ல மறந்த ஆலோசகர்களால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் நான்கு பொருளை வைத்து ஓட்டுகிறார்கள்.

திரும்பி வரும்போது

முதல் ஃபாலோ-அப் இரண்டு வாரத்தில். அப்போது எடையை முதலில் பார்க்காதீர்கள். உடலில் தண்ணீர் ஏறி இறங்குவதால் ஒரு நாளைக்குள்ளேயே ஒரு கிலோ மாறும். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வாரத்தில் குறைகிற இரண்டு கிலோவைக் கொண்டாடினால், நான்காம் வாரத்தில் நிற்கும்போது பதில் சொல்ல வேண்டி வரும். ஒரு கிலோவுக்கு 7,700 கலோரி என்ற பழைய வாய்ப்பாடும் அப்படித்தான். 180ஐத் தொண்ணூறு நாளால் பெருக்கினால் இரண்டு கிலோ என்று தாள் சொல்லும். எடை குறையக் குறைய உடலும் செலவைக் குறைத்துக்கொள்வதால் நடப்பில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். இவருக்கு நான் வைக்கும் இலக்கு 5 சதவீதம், 3.4 கிலோ, அவசரமில்லாமல்.

முதலில் கேட்க வேண்டியது, எந்த மாற்றம் எத்தனை நாள் நடந்தது என்பதுதான். "சாயங்கால டப்பா பதினாலு நாள்ல எத்தனை நாள்?" ஒன்பது என்றார். "அந்த அஞ்சு நாள் என்ன ஆச்சு?" முந்தின இரவு ஊற வைக்க மறந்த நாள்கள். ஞாயிறன்று மொத்தமாக வேகவைத்துப் பிரித்து ஃப்ரீசரில் வைக்கலாமா என்று அவரேதான் கேட்டார். செய்யாததற்குக் காரணம் தேடும்போது ஆளின் மனவுறுதியை விட்டுவிட்டு அடுப்பையும் கடிகாரத்தையும் பாருங்கள்; பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை. ஹெச்பிஏ1சி 7.4இலிருந்து 6.8 ஆனது. உங்களுக்குக் கைதட்டத் தோன்றும், பொறுங்கள். இடையில் மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையால் ஹீமோகுளோபின் 12.3க்கு ஏறியிருக்கிறது. முன்பு சொன்னேனே, இரும்புக் குறை அந்த எண்ணை உயர்த்திக் காட்டும் என்று. அந்த 0.6இல் எவ்வளவு இரவுத் தட்டால், எவ்வளவு மாத்திரையால் என்று பிரிக்க வழியில்லை. அதற்காகத்தான் முதல் நாளே அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தேன். வாரத்துக்கு இரண்டு முறை, இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் வந்த எண். பென்சிலில் எழுதியிருந்தார்: 232, 218, 221, 190, 174, 168. நடுவில் ஒரு 240, அதன் பக்கத்தில் "கல்யாண வீடு". விரல் நுனி ரத்தத்தில் அப்போதே அளக்கும் இந்த எண்ணைச் சோகை ஹெச்பிஏ1சி அளவுக்குத் திரிப்பதில்லை.

இரவுத் தட்டை அப்படியே விட்டோம். எடை 1.3 கிலோ குறைந்திருந்தது. புரதத்தைக் கணக்குப் பார்த்தால் 47இல் நின்றது. நான் புதுத் தாளை எடுத்து, காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார் என்று கேட்டேன்.